எம்.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரி முடித்துவிட்டு இங்கிலாந்து ஆஸ்பத்திரி லேபில் பேண்ட் 3 வேலை. பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் ஆக முயல்வது வீண் வேலையா?

நெல்லைக்காரி:

வணக்கம். இங்கே நர்ஸ் வேலை, ஐ.டி. வேலை பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். லேப் ஆட்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

திருநெல்வேலியில் படித்துவிட்டு அங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் மிட்லண்ட்ஸ் பக்கம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது ஒரு என்.எச்.எஸ். (இங்குள்ள அரசு மருத்துவச் சேவை) ஆஸ்பத்திரியின் பயோகெமிஸ்ட்ரி லேபில் பேண்ட் 3 அசிஸ்டன்ட், பேண்ட் என்பது சம்பளப் படிநிலை, எண் ஏற ஏற பதவி உயரும். சாம்பிள் வாங்குவது, பெயரும் பிறந்த தேதியும் சரியா என்று பார்ப்பது, சென்ட்ரிஃபியூஜில் சுற்றுவது, மெஷினில் ஏற்றுவது, வெளி லேபுக்குப் போக வேண்டியதைப் பொட்டலம் கட்டுவது, இவ்வளவுதான். ஊரில் காலிபரேஷன், க்யூ.சி. (தரக் கட்டுப்பாட்டுச் சோதனை), ரிப்போர்ட் வரைக்கும் பார்த்தவள் இங்கே நாள் முழுக்க பார்கோடு ஒட்டுகிறேன். வேலையில் குறை சொல்லவில்லை, கூட இருப்பவர்கள் நல்லவர்கள், ஆனால் பக்கத்து பெஞ்சில் பேண்ட் 5, பேண்ட் 6 ஆட்கள் ஒரு ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு "இது நம்பும்படி இல்லை" என்று பேசிக்கொள்ளும்போது எனக்கும் வாய் துறுதுறு என்று வருகிறது.

கேள்வி என்னவென்றால், பதிவு கொடுக்கும் எச்.சி.பி.சி.யில் நேரடியாக விண்ணப்பிக்கலாமா, இல்லை பயோமெடிக்கல் சயின்டிஸ்டுகளின் தொழில் அமைப்பான ஐ.பி.எம்.எஸ். வழியாகப் போர்ட்ஃபோலியோ (பயிற்சிச் சான்றுகளின் கோப்பு) செய்ய வேண்டுமா? ஒருவர் ஒன்று சொன்னால் இன்னொருவர் வேறு சொல்கிறார். அப்புறம் வீட்டுக்காரருடைய நண்பர் ஒருவர், "எல்லாம் மெஷின்தானே செய்கிறது, பட்டன் அமுக்குவதற்கு எதற்கு இவ்வளவு பாடு, டேட்டா அனலிட்டிக்ஸ் படி" என்று வரும்போதெல்லாம் சொல்கிறார். டீ கொடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் மனசில் லேசாக உறுத்துகிறது.

மூன்றாவது கேள்வியைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. போன். டாக்டரைக் கூப்பிட்டு ரிசல்ட் சொல்வதை நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. என் இங்கிலீஷ் அவர்களுக்குப் புரியுமா, அவர்கள் பேசுவது எனக்குப் புரியுமா? இதற்கெல்லாம் பழக்கம் வருமா?


வடமராட்சி அக்கா:

ஓம் தங்கச்சி, லேப் ஆட்கள் இருக்கிறோம். பாதிப் பேர் இரவு வேலை முடித்துப் பகலில் படுப்பதால் கண்ணில் படுவதில்லை. நான் லண்டன் பக்கம் 19 வருஷமாக பயோகெமிஸ்ட்ரியில் இருக்கிறேன், இப்போது பேண்ட் 7. உங்களைப் போலத்தான் அசிஸ்டன்டாகத் தொடங்கினேன்.

முதலில் பதிவு விஷயம். பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் என்பது இங்கே சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பெயர். எச்.சி.பி.சி.யில் பதிவு இல்லாமல் அந்தப் பெயரை வைத்துக்கொள்வது குற்றம். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு நேரடி வழி இருக்கிறது, உண்மைதான். ஆனால் எம்.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரி பிள்ளைகள் நிறையப் பேர் எங்கே தடுக்கி விழுகிறார்கள் தெரியுமா? பதிவு பயோகெமிஸ்ட்ரிக்கு மட்டும் கொடுப்பதில்லை. ஹீமட்டாலஜி, ரத்தம் ஏற்றும் பிரிவு, மைக்ரோபயாலஜி, ஹிஸ்டாலஜி, இம்யூனாலஜி எல்லாவற்றிலும் உங்களுக்கு அடிப்படை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். என்சைம் கைனெட்டிக்ஸில் நீங்கள் புலியாக இருக்கலாம், ரத்த குரூப் பார்ப்பதும் ஏற்றும் ரத்தம் பொருந்துமா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச்சும் பாடத்தில் இல்லையென்றால் அங்கே கேள்வி வரும். பி.எஸ்ஸி. எம்.எல்.டி. (மருத்துவ லேப் டெக்னாலஜி) படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஆகவே நேரடி விண்ணப்பத்துக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் உங்கள் பட்டத்தை ஐ.பி.எம்.எஸ்.ஸிடம் கொடுத்து மதிப்பிடச் சொல்லுங்கள். எது குறைகிறது, எந்தப் பாடத்தை இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று எழுதித் தருவார்கள். அதை முடித்துவிட்டு, பயிற்சிக்கு அங்கீகாரம் உள்ள லேபில் இருந்துகொண்டே போர்ட்ஃபோலியோ செய்து, வெளியிலிருந்து ஒருவர் வந்து சரிபார்த்தால் தகுதிச் சான்றிதழ் கிடைக்கும், அதை வைத்து எச்.சி.பி.சி. நீங்கள் ஏற்கெனவே லேபுக்குள் இருக்கிறீர்கள், அதன் அருமை உங்களுக்குத் தெரியவில்லை. வெளியே பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பயிற்சி இடத்துக்காக அலைகிற இந்த ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். கேட்டால் மொத்தம் 7, எந்தப் பகுதியிலும் 6.5க்குக் குறையக் கூடாது.

அடுத்தது பட்டன் அமுக்குகிற கதை. அந்த நண்பரை ஒரு நாள் என் லேபுக்கு அனுப்புங்கள். மெஷின் எண்ணைத் தரும், அந்த எண் உண்மையா என்று சொல்லாது. கொஞ்ச நாளைக்கு முன் ஒரு வார்டிலிருந்து வந்த சாம்பிளில் பொட்டாசியம் 8.4. கேட்டால் எவருக்கும் வயிற்றைக் கலக்கும், உடனே போனைத் தூக்கத் தோன்றும். கூட இருந்த புதுப் பையன் தூக்கியும் விட்டான். "பொறு, கீழே இருக்கிற வரிகளைப் படி" என்றேன். கால்சியம் 0.9, அல்கலைன் ஃபாஸ்ஃபட்டேஸ் என்ற என்சைம் 11, இரண்டும் படுபாதாளத்தில். உயிரோடு படுக்கையில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷனுக்குக் கால்சியம் 0.9 எப்படி வரும்? ஊதா மூடிக் குழாயிலிருந்து மஞ்சள் மூடிக் குழாய்க்குக் கொஞ்சம் ரத்தத்தை ஊற்றியிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை. ஊதாக் குழாயில் இருப்பது பொட்டாசியம் ஈ.டி.டி.ஏ. பொட்டாசியத்தை அது கொண்டுவந்து கொட்டும், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்த என்சைமுக்கு வேண்டிய துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் பிடுங்கிக்கொள்ளும். மூன்று எண்ணையும் ஒன்றாகப் பார்த்தால் கதை தானாக வெளியே வரும். அதைப் பார்க்காமல் அந்த 8.4ஐ அனுப்பியிருந்தால் அங்கே இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றத் தொடங்கியிருப்பார்கள், சும்மா இருந்த மனுஷனுக்கு.

வெளிப்படையாக இவ்வளவு கலந்தால் கண்டுபிடிப்பது சுகம். துளியூண்டு கலந்தால், பொட்டாசியம் 5.9, கால்சியம் கொஞ்சம் மட்டும் குறைவு, அப்போதுதான் தலையைச் சொறிய வேண்டும்.


ராத்திரி ஷிப்ட்:

அக்கா சொன்னது பொய்யான எண் உண்மை மாதிரி வந்த கதை. உண்மையான எண் பொய் மாதிரி வந்து நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். பெருமைக்குரியது இல்லை.

நான் மதுரை. இங்கே சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் பேண்ட் 6. ராத்திரியில் ஹீமட்டாலஜிக்கும் பயோகெமிஸ்ட்ரிக்கும் சேர்த்து ஒரே ஆள்தான். இரண்டு மணிக்கு ஒரு சாம்பிள், பொட்டாசியம் 6.8, சிவப்பணு உடைந்ததைக் காட்டும் இண்டெக்ஸ் லேசாக ஏறியிருக்கிறது. சிவப்பணு உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து எண் பொய்யாக ஏறும். அந்த வாரம் முழுக்க அதே வார்டிலிருந்து உடைந்த ரத்தமாகவே வந்துகொண்டிருந்தது, யாரோ புதுசாக ரத்தம் எடுக்கப் பழகுகிறார்கள் போல. எனக்கு அலுப்பு. ரத்தம் உடைந்திருக்கிறது, வேறு சாம்பிள் அனுப்பவும் என்று போட்டுவிட்டு, வேறு பெஞ்சில் பிளட் கவுண்ட் மெஷின் கத்திக்கொண்டிருந்ததால் அங்கே ஓடிவிட்டேன். போன் பண்ணவில்லை. அரை மணி நேரம் கழித்து வார்டில் பிளட் கேஸ் (உடனே எண் தரும் தனி ரத்த டெஸ்ட்) எடுத்திருக்கிறார்கள், அதில் 6.6. உண்மையான பொட்டாசியம்! திரும்பப் போய் என் திரையைப் பார்க்கிறேன், அதே சாம்பிளில் கிரியேட்டினின் 640. சிறுநீரகம் படுத்துவிட்ட ஆள். அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் எனக்கு அங்கேயே தெரிந்திருக்கும். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, டாக்டர்கள் பார்த்துக்கொண்டார்கள். நானே சம்பவ அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அதற்கப்புறம் ரத்தம் உடைந்திருந்தாலும் சரி, 6.5க்கு மேல் போனால் முதலில் போன், பிறகுதான் காரணம்.

உங்கள் போன் பயத்துக்கு வருகிறேன். எனக்கும் முதல் ஆறு மாசம் இருந்தது. எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள், இது நாடகம் மாதிரிதான், வசனம் எப்போதும் ஒன்றே. நான் பயோகெமிஸ்ட்ரியிலிருந்து பேசுகிறேன், நோயாளி எண் இது, பெயர் இது, ரிசல்ட் இது, திருப்பிச் சொல்லுங்கள், உங்கள் பெயர் என்ன. திருப்பிச் சொல்லச் சொல்வதுதான் முக்கியம், ஏனென்றால் நம் உச்சரிப்பில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்று மாதிரிக் கேட்கும், அவர்கள் உச்சரிப்பிலும் கேட்கும். அதனால் நான் இலக்கம் இலக்கமாகச் சொல்வேன், ஒன்று, ஐந்து, புள்ளி, இரண்டு. ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஸ்காட்லாந்துக்கார ரெஜிஸ்ட்ரார் டாக்டர் ஒருவர் பேசுவது மட்டும் எனக்கு இன்றுவரை புரிவதில்லை, ஆனால் அவர் பேசுவது இங்கே இங்கிலீஷ்காரர்களுக்கே புரிவதில்லை.

ராத்திரி போனில் ரிசல்ட்டை விட அதிகம் பேசுவது, ஏன் தர முடியாது என்பதைத்தான். பாரசிட்டமால் அதிகமாக விழுங்கிவிட்டு வருகிறவர்களுக்கு விழுங்கி 4 மணி நேரம் ஆவதற்கு முன் ரத்தம் எடுத்தால் அந்த எண்ணை வைத்து முடிவு செய்ய முடியாது. இங்கே மருந்து தொடங்கலாமா என்று பார்க்கும் வரைபடத்தில் சிகிச்சைக் கோடு 4 மணி நேரத்தில் லிட்டருக்கு 100 மில்லிகிராம், அதற்கு முந்தைய நேரத்துக்குக் கோடே கிடையாது. அம்மோனியா கேட்டால் ஐஸில் வைத்து உடனே ஓடி வர வேண்டும், டப்பாவில் போட்டு நிதானமாக அனுப்பினால் வரும் எண் குழாய்க்குள் உண்டான அம்மோனியாவையும் சேர்த்துத்தான். திடீர்த் தலைவலிக்காரருக்கு மூளையில் ரத்தக் கசிவா என்று அறிய முதுகுத்தண்டில் எடுத்த நீரில் பிலிருபின் பார்க்க வேண்டும் என்றால் தலைவலி ஆரம்பித்து 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், வெளிச்சம் படக் கூடாது. இதையெல்லாம் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஜூனியர் டாக்டருக்கு, அவருக்குக் கோபம் வராமல் சொல்லத் தெரிந்துவிட்டால் உங்கள் இங்கிலீஷ் தானாகச் சரியாகிவிடும்.


பழைய பிப்பெட்:

எல்லோரும் ஆசை காட்டுகிறீர்கள், ஒருத்தனாவது கசப்பைச் சொல்ல வேண்டாமா? நான் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்து இப்போது அனலைசர் விற்கும் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன்.

பேண்ட் 3இல் இருந்துகொண்டே போர்ட்ஃபோலியோ செய்யலாம் என்பது காகிதத்தில் அழகு. நான் இருந்த இடத்தில் "அடுத்த வருஷம் உனக்கு" என்று மூன்று வருஷம் சொன்னார்கள். கெட்ட எண்ணம் இல்லை, ஆள் இல்லை. பயிற்சி கொடுக்க வேண்டியவரே பெஞ்சில் நின்று சாம்பிள் ஓட்டிக்கொண்டிருந்தால் உங்களுக்கு எப்போது சொல்லித்தருவார்? அதனால் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். வருஷாந்திர மதிப்பீட்டில் உட்காரும்போது பயிற்சி இடம் எப்போது, யார் பயிற்சியாளர், வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்குவீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கிடைக்காது என்று தெரிந்தால் பயிற்சி பேண்ட் 5 விளம்பரம் எங்கே வருகிறதோ அங்கே போடுங்கள். நமக்கு விசுவாசம் அதிகம், நன்றாக நடத்துகிறார்கள் என்பதற்காகவே ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவோம்.

பதிவு வந்து பேண்ட் 5 ஆனதும் முடிந்துவிடாது. 6க்குப் போக ஸ்பெஷலிஸ்ட் டிப்ளமோ என்று அடுத்த போர்ட்ஃபோலியோ. அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது 2.5 சதவீதம் பேரைப் பொறுக்கியெடுத்து நீ என்ன கற்றாய், காட்டு என்பார்கள். நான் மாட்டிக்கொண்டேன். லாட்டரியில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை, இதில் விழுந்தது.

இன்னொன்று, ஆஸ்பத்திரிக்குள்ளேயே நம்மை யாருக்கும் தெரியாது. "லேப்" என்றால் ஒரு கட்டடம், அவ்வளவுதான். எனக்கு அது கடைசிவரை உறுத்தியது. அக்காவுக்கு உறுத்தவில்லை போல, ஆளுக்கு ஆள் வேறுபடும்.

ஆனால் மெஷின் வேலையைத் தின்றுவிடும் என்பது சரியில்லை, நான் இப்போது மெஷின் பக்கம் நின்று சொல்கிறேன். நார்மல் ரிசல்ட்டை விதி வைத்துத் தானாக வெளியே விடுவது எப்போதோ வந்துவிட்டது. மிச்சமிருப்பதெல்லாம் சிக்கலானது மட்டும். முடி கொட்டுகிறது என்று ஒரு அம்மா பெரிய அளவு பயோட்டின் மாத்திரை சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால், பயோட்டினையே கொக்கியாக வைத்து வேலை செய்யும் தைராய்டு டெஸ்ட்களில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து ஃப்ரீ டி4 பொய்யாக ஏறி, அச்சு அசலாக ஹைப்பர்தைராய்டு மாதிரியே காட்டும். மெஷினுக்கு அதில் ஒரு குறையும் தெரியாது, க்யூ.சி.யும் சுத்தமாக பாஸ் ஆகும், ஏனென்றால் க்யூ.சி. மாத்திரை சாப்பிடுவதில்லை.


கிரே மூடி:

நான் சென்னை, இங்கிலாந்தில் இல்லை, சும்மா படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சந்தேகம். எங்கள் லேபில் கடைசிக் கையெழுத்து பயோகெமிஸ்ட்ரி எம்.டி. டாக்டருடையது. அங்கே சயின்டிஸ்டே ரிசல்ட்டை வெளியே விட்டுவிடலாமா? அப்புறம் யூனிட் எல்லாம் வேறு என்கிறார்களே, குழம்பாதா?


வடமராட்சி அக்கா:

விடலாம். டெக்னிக்கலாகச் சரி என்று பார்த்து விடுவது எங்கள் பொறுப்பு. இந்த நோயாளிக்கு இதன் அர்த்தம் என்ன என்று கருத்து எழுத வேண்டியதை அன்றைக்கு டியூட்டியில் இருக்கும் பயோகெமிஸ்டுக்குத் தள்ளிவிடுவோம், அவர் டாக்டராக இருப்பார் அல்லது கிளினிக்கல் சயின்டிஸ்டாக இருப்பார். கிளினிக்கல் சயின்டிஸ்ட் வேறு பதிவு, வேறு பயிற்சி. இரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பம் போடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

யூனிட் முதல் ஒரு மாசம் வதைக்கும். குளுக்கோஸை 18ஆல் பெருக்கினால் உங்கள் ஊர் எண், 5.5 என்றால் 99. கிரியேட்டினின் 1 என்பது இங்கே 88. கால்சியம் 10 என்றால் 2.5. சர்க்கரை நோய்க்குப் பார்க்கும் எச்.பி.ஏ.1.சி. 6.5 சதவீதம் இங்கே 48. சோடியமும் பொட்டாசியமும் மட்டும் எங்கே போனாலும் அதே எண், பாவம். பிறகு மனசுக்குள் பெருக்குவதை நிறுத்திவிடுங்கள், பெருக்கிக்கொண்டே இருந்தால் இந்த எண்கள் மேல் உணர்வு வராது. கிரியேட்டினின் 640 என்று கேட்டவுடனே பகீர் என்க வேண்டும், 7.2 என்று மாற்றின பிறகு இல்லை.


நெல்லைக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மதுரை அண்ணா, உங்கள் 640 கதையைப் படித்துவிட்டு நேற்று வேலையில் திரையை மேலிருந்து கீழே முழுசாகப் படித்துக்கொண்டே இருந்தேன், சூப்பர்வைசர் என்ன தேடுகிறாய் என்று கேட்டார். அதையே சாக்காக வைத்து பிப்பெட் அண்ணா சொன்ன மாதிரி பயிற்சி இடம் பற்றிக் கேட்டேன். எனக்கு முன்னால் ஒருத்தர் வரிசையில் இருக்கிறாராம், அவர் செப்டம்பரில் முடிப்பாராம். எழுத்தில் தருகிறேன் என்றிருக்கிறார். இன்னும் வரவில்லை, திங்கட்கிழமை மெயில் போட்டு ஞாபகப்படுத்துவேன்.

ஐ.பி.எம்.எஸ். மதிப்பீட்டுக்கு மார்க்‌ஷீட் மட்டும் போதுமா? சிலபஸும் வேண்டும் என்றால் அப்பாவைத்தான் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அவருக்கு முட்டி வலி, ஒரே தடவையில் முடிய வேண்டும்.


ராத்திரி ஷிப்ட்:

சிலபஸும் வாங்கச் சொல்லுங்கள், பி.எஸ்ஸி.க்கும் சேர்த்து. எம்.எஸ்ஸி. மட்டும் காட்டினால் அடிப்படைப் பாடங்கள் தெரியாமல் போய்விடும். பிராக்டிக்கல் எத்தனை மணி நேரம் என்பதும் அதில் இருந்தால் நல்லது. நீங்கள் இங்கிருந்தே ஒரு கடிதம் எழுதி, என்னென்ன வேண்டும் என்று வரிசையாகப் போட்டு அப்பா கையில் கிடைக்கச் செய்யுங்கள், வாய்வழியாகச் சொன்னால் ஒன்று விட்டுப்போகும். பரீட்சைக் கட்டணம் கட்டும் வாரத்தில் மட்டும் அவரை அனுப்பாதீர்கள், கவுன்டரில் நிற்கவே அவருக்கு முட்டி போய்விடும்.